கனடாவின் பொதுப் பாடசாலைகளில் பூர்வகுடிகளின் வரலாறு: ஸ்காபரோத் தாய் ஒருவரின் கேள்விக்கு விரிவான பதில்

ஸ்காபரோவில் வசிக்கும் தமிழ்த் தாய் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. இரண்டாம் தரத்தில் படிக்கும் அவருடைய மகளின் பாடசாலையில் ஒவ்வொரு நாள் காலையிலும், பாடசாலை நிற்பது எந்தப் பூர்வகுடிகளின் நிலம் என்பதை ஏற்றுச் சொல்லும் நில ஒப்புகை ஒன்று வாசிக்கப்படுகிறது. செப்டம்பர் 30 அன்று பிள்ளைகளை ஆரஞ்சு நிறச் சட்டை அணிந்து வரச் சொல்கிறார்கள். ஜூன் மாதத்தில் பூர்வகுடிகளின் பண்பாட்டைக் கொண்டாடுகிறார்கள். "நாங்களே போருக்குத் தப்பி வந்தவர்கள். நூறு வருடங்களுக்கு முன் இந்த நாட்டில் நடந்த கொடுமைக்கும் எங்களுக்கும் என்ன தொடர்பு? இவ்வளவு சின்னப் பிள்ளைக்கு அந்தத் துயரத்தை ஏன் சொல்ல வேண்டும்? உண்மையில் எதைத்தான் கொண்டாடுகிறார்கள்?" என்று அவர் எழுதியிருக்கிறார். பல தமிழ்ப் பெற்றோர் மனத்துக்குள் வைத்திருக்கும் கேள்விகள்தாம் இவை. ஒன்ராறியோவில் வரலாறு கற்பிக்கும் ஆசிரியர் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

கொண்டாட்டம் எதைப் பற்றியது என்பதைச் சொல்வதற்கு முன், அது ஏன் பாடசாலைக்குள் நடக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். பூர்வகுடிகளின் மொழியையும் குடும்ப அமைப்பையும் உடைப்பதற்குக் கனடிய அரசு கையில் எடுத்த முதன்மையான கருவி பாடசாலைதான். முதற்குடிகள், மெற்றிஸ், இனுயிட் என்ற பூர்வகுடிகளின் மூன்று தரப்பையும் சேர்ந்த 1,50,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு வதிவிடப் பாடசாலைகளில் அடைக்கப்பட்டார்கள். 1880களில் மத்திய அரசு இதை நாடு தழுவிய திட்டமாக்கியது. பூர்வகுடிகளை 'இந்தியர்' என்று அழைத்து அவர்களுக்கென இயற்றப்பட்ட இந்தியர் சட்டத்தில் 1920இல் செய்யப்பட்ட திருத்தம் பிள்ளைகளை அனுப்புவதைக் கட்டாயமாக்கியது. அரசு நிதியில் இயங்கிய கடைசிப் பாடசாலைகள் 1990களின் பிற்பகுதியில்தான் மூடப்பட்டன. ஆகவே இது நூறு வருடங்களுக்கு முன் முடிந்துபோன கதையன்று. அங்கே படித்தவர்களில் ஐம்பது வயதைக்கூட எட்டாதவர்கள் இன்றும் இருக்கிறார்கள். உங்கள் மகளின் வகுப்பில் ஒரு பூர்வகுடிப் பிள்ளை இருந்தால், அந்தப் பிள்ளையின் பாட்டியோ தாத்தாவோ அங்கிருந்து வந்தவராக இருக்கக்கூடும்.

ரொறன்ரோவிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மணி நேரக் கார்ப் பயணத்தில் பிரான்ட்ஃபோர்ட் நகரம் இருக்கிறது. அங்கே மொஹாக் இன்ஸ்டிடியூட் என்ற பழைய வதிவிடப் பாடசாலையின் கட்டடம் இன்றும் நிற்கிறது. 1831இல் பிள்ளைகளைத் தங்கவைத்துக் கற்பிக்கத் தொடங்கிய அந்த நிறுவனம் 1970இல்தான் மூடப்பட்டது. நாள் தவறாமல் கொடுக்கப்பட்ட ஓட்ஸ் கஞ்சியின் பெயராலேயே பிள்ளைகள் அதைக் கஞ்சிக்குழி என்று அழைத்தார்கள். சுற்றியிருந்த தோட்டத்தில் ஆப்பிள் காய்த்துத் தொங்கியது. அதைப் பறித்துத் தின்ற பிள்ளைக்குத் தண்டனை கிடைத்தது. கட்டடத்தின் பின்புறச் செங்கற்களில் பிள்ளைகள் தங்கள் பெயர்களையும் முதலெழுத்துகளையும் கீறிவைத்த தடங்கள் இன்னும் அழியவில்லை. 1907இல் பொஸ்டன் மரதன் ஓட்டத்தை வென்ற ஒனொண்டாகா பூர்வகுடி வீரர் டொம் லாங்போட் சிறுவனாக இருந்தபோது இங்கிருந்துதான் தப்பி ஓடினார். மூடப்பட்ட பிறகு அந்த வளாகத்தைப் பொறுப்பேற்ற பூர்வகுடிகளின் பண்பாட்டு நிலையம், கட்டடத்தை இடித்துத் தள்ளாமல் சான்றாகக் காப்பாற்ற வேண்டும் என்று முடிவெடுத்தது. பல ஆண்டு மீட்புப் பணி அந்த முடிவிலிருந்து பிறந்ததுதான்.

நடந்ததை அன்று யாரும் அறியாமல் இருக்கவில்லை. மேற்கு மாகாணங்களின் வதிவிடப் பாடசாலைகளில் காசநோயால் பிள்ளைகள் செத்துக்கொண்டிருப்பதை அரசின் தலைமை மருத்துவ அதிகாரியான பீட்டர் பிரைஸ் 1907இலேயே எழுத்தில் அறிக்கையாகக் கொடுத்தார். அவருடைய பரிந்துரைகள் ஒதுக்கப்பட்டன. 1922இல் அதை ஒரு தேசியக் குற்றம் என்று தலைப்பிட்டே அவர் நூலாக வெளியிட்டார். அப்போதும் ஒன்றும் மாறவில்லை. வதிவிடப் பாடசாலைகளில் நடந்ததை விசாரித்த உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு 2015இல் தன் பணியை முடித்தபோது, ஏறத்தாழ 3,200 பிள்ளைகளின் இறப்பை அதனால் பதிவு செய்ய முடிந்தது. பின்னர் நடந்த ஆவணத் தேடலில் அந்த எண்ணிக்கை 4,000ஐத் தாண்டியது. 2021 மே மாதம் பிரிட்டிஷ் கொலம்பியாவின் காம்லூப்ஸில், பழைய வதிவிடப் பாடசாலை ஒன்றின் வளாகத்தில், தரையை ஊடுருவும் ராடார் ஆய்வில் அடையாளமிடப்படாத புதைகுழிகளாக இருக்கக்கூடிய இடங்கள் தென்பட்டதாக அறிவிக்கப்பட்டபோதுதான் பெரும்பாலான கனடியர்கள் திடுக்கிட்டார்கள். பூர்வகுடிக் குடும்பங்களுக்கு அது புதிய செய்தி அல்ல. திரும்பி வராத பிள்ளைகளின் பெயர்கள் அவர்களுக்கு முன்பே தெரியும்.

பாடசாலை ஒரு பக்கம் என்றால், சட்டம் மறுபக்கம் நின்றது. பசிபிக் கரையோரச் சமூகங்கள் பெயர் சூட்டவும், திருமணத்தையும் மரணத்தையும் ஊரறிய நிகழ்த்தவும், செல்வத்தைப் பகிரவும் நடத்திவந்த பொட்லாச் என்ற பெருவிழாவை 1885இல் நடைமுறைக்கு வந்த சட்டம் தடைசெய்தது. அந்தத் தடை 1951 வரை நீடித்தது. விழாவில் பயன்படுத்திய முகமூடிகளும் செப்புத் தகடுகளும் பறிமுதல் செய்யப்பட்டு அருங்காட்சியகங்களுக்குப் போயின. ஆடியவர்கள் சிறைக்குப் போனார்கள். எதைக் கொண்டாடுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள் அல்லவா? ஆடினால் சிறை, தாய்மொழியைப் பேசினால் அடி என்றிருந்த ஒரு நாட்டில், அதே ஆட்டமும் மொழியும் பாடசாலை மண்டபத்தில் எல்லாப் பிள்ளைகளின் முன்னிலையிலும் தலைநிமிர்ந்து நிற்பதைத்தான் கொண்டாடுகிறார்கள்.

இனி, இது எப்படிப் பாடத்திட்டத்துக்குள் வந்தது என்பதைப் பார்ப்போம். தங்கள் பிள்ளைகளின் கல்வி தங்கள் கையில் இருக்க வேண்டும் என்று முதற்குடிகளின் தேசிய அமைப்பு 1972இலேயே ஒரு கொள்கை ஆவணத்தை முன்வைத்தது. பெரிய திருப்பம் வந்தது 2015இல். நீதிபதி மரே சின்கிளேர் தலைமையில் 6,500க்கும் மேற்பட்டோரின் சாட்சியத்தைக் கேட்ட ஆணைக்குழு, அரசும் சமூகமும் செய்ய வேண்டியவற்றைச் சொல்லும் 94 செயலழைப்புகளை வெளியிட்டது. வதிவிடப் பாடசாலைகளின் வரலாறும், பூர்வகுடிகளோடு அரசு செய்த உடன்படிக்கைகளும், பூர்வகுடிகள் நேற்றும் இன்றும் இந்த நாட்டுக்கு அளித்தவையும், பாலர் வகுப்பிலிருந்து 12ஆம் தரம் வரை வயதுக்கேற்றவாறு கட்டாயப் பாடமாக வேண்டும் என்கிறது 62ஆம் அழைப்பு. அதற்கு ஆசிரியர்களைத் தயார்படுத்துவது பற்றியும், பிள்ளைகளிடையே பரஸ்பர மதிப்பையும் பிறர் துயரை உணரும் திறனையும் வளர்ப்பது பற்றியும் 63ஆம் அழைப்பு பேசுகிறது.

ஆனால் கனடாவில் கல்வி மாகாணங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டது. ஆகவே முன்னேற்றமும் மாகாணத்துக்கு மாகாணம் வேறுபடுகிறது. சஸ்காட்செவன் 2007இலேயே உடன்படிக்கைக் கல்வியைக் கட்டாயமாக்கியது. வடமேற்குப் பிரதேசங்களும் நுனாவுட்டும் 2012இல் வதிவிடப் பாடசாலை வரலாற்றைக் கட்டாயப் பாடமாக்கின. பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2023-24 கல்வியாண்டு முதல், பூர்வகுடிகளை மையப்படுத்திய பாடம் ஒன்றை முடிக்காமல் எந்த மாணவரும் உயர்நிலைப் பாடசாலைப் பட்டம் பெற முடியாது. நாட்டிலேயே தெளிவான ஏற்பாடு இதுதான் என்பது என் கருத்து. விருப்பப் பாடமாக விட்டுவிட்டால் ஏற்கெனவே அக்கறை உள்ளவர்கள் மட்டுமே அதை எடுப்பார்கள்.

ஒன்ராறியோவின் கதை சற்று மேடுபள்ளமானது. சமூகக் கல்வி, வரலாறு, புவியியல் பாடத்திட்டங்களில் வதிவிடப் பாடசாலைகள் 2018 அளவில் கட்டாய உள்ளடக்கமாகச் சேர்க்கப்பட்டன. அதே ஆண்டு ஜூலையில், பூர்வகுடி அறிஞர்களும் மூத்தோரும் கூடி அடுத்த கட்டப் பாடங்களை எழுதவிருந்த அமர்வுகளைப் புதிய மாகாண அரசு கடைசி நேரத்தில் இரத்துச் செய்தது. ஆண்டுக்கணக்காகக் காத்திருந்தவர்களுக்கு அது நெஞ்சில் அடித்ததைப் போன்றது. பிறகு 2023 செப்டம்பரில் 1 முதல் 3 வரையான தரங்களுக்கும் பூர்வகுடிகள் பற்றிய கட்டாயக் கற்றல் வந்தது. உங்கள் மகள் இப்போது படிப்பது அதைத்தான். இதற்கிடையே சில கல்விச் சபைகள் தாமாகவே ஒரு படி மேலே போயின. 11ஆம் தரத்தின் கட்டாய ஆங்கிலப் பாடத்தில், வழக்கமான நூல்களுக்குப் பதிலாக முதற்குடி, மெற்றிஸ், இனுயிட் எழுத்தாளர்களின் படைப்புகளை மட்டுமே வாசிக்கும் பாடத்தை அவை வைத்தன. ரொறன்ரோ மாவட்டக் கல்விச் சபை 2023 பெப்ரவரியில் அந்த முடிவை எடுத்தது. ஷேக்ஸ்பியரைத் தள்ளிவிட்டார்களே என்று தமிழ்ப் பெற்றோர் சிலர் வருந்தியதைக் கேட்டிருக்கிறேன். ஷேக்ஸ்பியர் எங்கும் போய்விடவில்லை. மற்ற ஆண்டுகளில் இருக்கிறார். நான்கு ஆண்டு ஆங்கிலத்தில் ஓர் ஆண்டை இந்த மண்ணின் எழுத்துக்குக் கொடுப்பதை நான் முழுமனத்தோடு ஆதரிக்கிறேன்.

ஆரஞ்சுச் சட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1973இல் பிரிட்டிஷ் கொலம்பியாவின் வில்லியம்ஸ் லேக் அருகே ஒரு வதிவிடப் பாடசாலைக்கு ஆறு வயதுச் சிறுமியாக அனுப்பப்பட்டவர் பிலிஸ் வெப்ஸ்டாட். முதல் நாளுக்காகப் பாட்டி அவருக்குப் புதிதாக ஓர் ஆரஞ்சுச் சட்டை வாங்கிக் கொடுத்திருந்தார். போன அன்றே உடைகள் களையப்பட்டன. அந்தச் சட்டை அவரிடம் திரும்பி வரவேயில்லை. 2013இல் அவர் இதை வெளிப்படையாகச் சொன்னதிலிருந்துதான் ஆரஞ்சுச் சட்டை நாள் பிறந்தது. 2021 முதல் செப்டம்பர் 30 உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான தேசிய நாளாக இருக்கிறது. செப்டம்பரைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு: பிள்ளைகளை வீடுகளிலிருந்து அள்ளிக்கொண்டு போனது ஆண்டுதோறும் அந்தப் பருவத்தில்தான்.

சின்னப் பிள்ளைக்கு இதையெல்லாம் சொல்லலாமா என்ற உங்கள் கவலைக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. இரண்டாம் தரப் பிள்ளைக்குப் புதைகுழிகளைப் பற்றி யாரும் சொல்ல வேண்டியதில்லை, சொல்லவும் கூடாது. பாட்டி வாங்கிக் கொடுத்த சட்டையைப் பறித்துக்கொண்டால் எப்படி இருக்கும், வீட்டில் பேசும் மொழியைப் பேசக்கூடாது என்றால் எப்படி இருக்கும் என்பது அந்த வயதுக்கு முழுமையாகப் புரியும். அந்தப் பிள்ளைக்கு அது அநீதி என்று சொல்லிக்கொடுக்கக்கூடத் தேவையில்லை. எட்டாம் தரத்தில் சட்டங்களைப் பற்றிப் பேசலாம். பத்தாம் தர வரலாற்றுப் பாடத்தில் பிரைஸின் அறிக்கையையும் இறப்புகளையும் சான்றுகளோடு ஆராயலாம். படிப்படியாகச் சொல்லாமல் பதினைந்து வயதில் முதன்முறையாக மொத்தமாகக் கேட்கும் பிள்ளைகளைத்தான் நான் கலங்கிப்போய்ப் பார்த்திருக்கிறேன். சிலர் கோபத்தோடு, இத்தனை வருடமாக ஏன் எங்களுக்குச் சொல்லவில்லை என்று கேட்பார்கள்.

அதே வேளையில், துயரம் மட்டுமே பாடமாகிவிடும் ஆபத்தும் உண்மையானது. பூர்வகுடிகள் என்றாலே செப்டம்பரில் நினைவுகூரப்படும் பாதிக்கப்பட்டவர்கள் என்ற படிமம் பிள்ளைகளின் மனத்தில் பதிந்துவிட்டால், அது பழைய இழிவின் இன்னொரு வடிவமாகிவிடும். 2021 கணக்கெடுப்பின்படி கனடாவில் 18 லட்சம் பேர், அதாவது மக்கள்தொகையில் 5 விழுக்காட்டினர், பூர்வகுடிகள். அவர்கள் இன்று நீதிபதிகளாக, மருத்துவர்களாக, ஓவியர்களாக வாழ்கிறார்கள். 2021இல் மேரி சைமன் நாட்டின் முதல் பூர்வகுடி ஆளுநர் நாயகமானார். 2023இல் வாப் கினியூ மனிடோபாவின் முதலமைச்சரானார். இவர்களைத் தெரியாமல் ஒரு பிள்ளை ஆரஞ்சுச் சட்டையை மட்டும் அணிந்து வீடு திரும்பினால், பாடசாலை பாதி வேலையைத்தான் செய்திருக்கிறது.

நல்ல கொண்டாட்டம் எப்படி இருக்கும் என்பதற்கு உடற்பயிற்சி வகுப்பிலிருந்து ஓர் உதாரணம் சொல்கிறேன். வலை கட்டிய மட்டையால் பந்தை ஆடும் லக்ரோஸ் விளையாட்டைப் பெரும்பாலான பாடசாலைகளில் சொல்லிக்கொடுக்கிறார்கள். அது, ஆறு பூர்வகுடித் தேசங்களின் கூட்டமைப்பான ஹோடினோஷோனி மக்களின் விளையாட்டு. படைத்தவனை மகிழ்விக்கவும் நோயுற்றோர் நலம்பெறவும் ஆடப்பட்டது. இவ்வளவைச் சொல்லிக்கூட நிறுத்திவிடலாம். ஆனால் அக்கறையுள்ள ஆசிரியர் மேலும் ஒரு கதையைச் சொல்வார். ஹோடினோஷோனி தேசிய அணி உலகப் போட்டிகளில் தன் சொந்தக் கொடியின் கீழ் விளையாடுகிறது. 2010இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் உலகக் கிண்ணப் போட்டி நடந்தபோது, அவர்களுடைய சொந்தக் கடவுச்சீட்டை பிரிட்டன் ஏற்க மறுத்தது. அமெரிக்க, கனடியக் கடவுச்சீட்டில் போயிருக்கலாம். அதை அவர்கள் ஏற்கவில்லை, போட்டியையே இழந்தார்கள். தங்களை ஒரு தேசமாகக் கருதும் மக்கள் அதற்காக எதைக் கொடுக்கத் துணிகிறார்கள் என்பதை, கையில் லக்ரோஸ் மட்டையைப் பிடித்திருக்கும் ஏழாம் தரப் பிள்ளைகள் நன்றாகவே விளங்கிக்கொள்கிறார்கள்.

கணிதத்திலும் இது நடக்கிறது. ஒட்டாவா பள்ளத்தாக்கில் பிக்வாக்கனகன் அல்கொன்குவின் சமூகத்தினர் பாடசாலை ஆசிரியர்களோடு சேர்ந்து மணி நெசவைக் கணித வகுப்புக்குள் கொண்டுவந்தார்கள். தறியில் நூல்களுக்கிடையே மணிகளைக் கோத்து ஒரு வளையலை உருவாக்கும்போது, எத்தனை நிரலுக்கு ஒருமுறை வடிவம் திரும்ப வருகிறது, நீளம் இரட்டிப்பானால் ஒவ்வொரு நிறத்திலும் எத்தனை மணி வேண்டும் என்று பிள்ளைகள் கணக்கிட வேண்டியிருக்கிறது. பெருக்கலும் இயற்கணிதமும் அங்கே தாமாகவே வருகின்றன. கற்பிப்பவர் அந்தச் சமூகத்தின் கைவினைஞரே என்பதுதான் முக்கியம். ஆசிரியர் அவருக்குத் துணையாக இருக்கிறார்.

இதற்கு நேரெதிரான கொண்டாட்டங்களும் உண்டு. காகித இறகுகளை ஒட்டித் தலையில் கட்டிக்கொள்ளும் கைவேலை அவற்றில் மோசமானது. சமவெளிச் சமூகங்களில் ஒவ்வோர் இறகும் ஒருவர் செய்த செயலுக்காக வழங்கப்படும் மதிப்பு. அனிஷினாபே ஓவியர் நோர்வல் மொரிசோவின் பாணியைப் பார்த்துக் கறுப்புக் கோடும் பளிச்சென்ற நிறமுமாக விலங்குகளை வரையச் சொல்வது இன்னொன்று. அந்த உருவங்கள் எந்தப் புனிதக் கதையிலிருந்து வந்தவை, அவரே ஒரு வதிவிடப் பாடசாலையில் என்ன பட்டார் என்பதைச் சொல்லாமல் படத்தை மட்டும் பிரதி எடுப்பதில் கற்றல் எதுவும் இல்லை. 2020 டிசம்பரில் சஸ்காட்செவனில் பத்து வயது முதற்குடிச் சிறுமி ஒருத்தி, நேர்த்தியான உடை அணிந்து வரச் சொன்ன நாளில் தன் சமூகத்தின் வண்ண நாடாக்கள் தைத்த நாடாப் பாவாடையை அணிந்து போனாள். அது பொருத்தமான உடையல்ல என்று பாடசாலைப் பணியாளர் ஒருவர் சொன்னார். பிள்ளை அழுதுகொண்டு வீடு திரும்பினாள். செய்தி பரவியது, நாடெங்கும் பெண்கள் நாடாப் பாவாடையோடு தங்கள் படங்களைப் பகிர்ந்தார்கள், பாடசாலை நிர்வாகம் மன்னிப்புக் கேட்டது. 2023 முதல் ஜனவரி 4 தேசிய நாடாப் பாவாடை நாளாக இருக்கிறது. விழா நாளில் மேடையில் கைதட்டி வரவேற்கப்படும் உடை, சாதாரண நாளில் ஒரு பிள்ளை உடுத்தி வரும்போது ஏற்கப்படுகிறதா என்பதுதான் ஒரு பாடசாலைக்கான உண்மையான சோதனை.

மரபறிவுக்கும் தனி ஒழுங்குகள் உண்டு. அனிஷினாபே மக்களின் சில கதைகள் தரையில் பனி இருக்கும் காலத்தில் மட்டுமே சொல்லப்படுகின்றன. ஜூன் மாதக் கொண்டாட்டத்துக்கு அவற்றைக் கேட்டு ஒரு மூத்தவரை அழைத்தால் அவர் சங்கடப்படுவார். மூத்தவர் ஒருவரை அழைக்கும்போது புகையிலை கொடுத்து வேண்டுவதும், அவருடைய நேரத்துக்கு உரிய மதிப்பூதியம் வழங்குவதும் முறை. சில அறிவு புனிதமானது, உரிமை பெற்றவரால் உரிய இடத்தில் மட்டுமே பகிரப்படும் என்பதை பிரிட்டிஷ் கொலம்பியாவின் முதற்குடிகள் தங்கள் கற்றல் கொள்கைகளிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். குருவிடம் முறையாகக் கேட்டுக் கற்கும் மரபில் வந்த நமக்கு இதைப் புரிந்துகொள்வது கடினமாக இருக்காது.

இதை மதத் திணிப்பாகக் கருதும் பெற்றோரும் உண்டு. பிரிட்டிஷ் கொலம்பியாவின் போர்ட் அல்பெர்னியில் ஒரு தாய், வகுப்பறையில் மூலிகைப் புகை காட்டும் நூ-சா-நூல்த் பூர்வகுடிகளின் சடங்கு நடந்ததால் தன் பிள்ளைகளின் மதச் சுதந்திரம் மீறப்பட்டது என்று வழக்குத் தொடுத்தார். ஒரு சடங்கைப் பார்த்து அறிந்துகொள்வது அதில் நம்பிக்கை கொள்ளக் கட்டாயப்படுத்துவதாகாது என்ற அடிப்படையில் 2020இல் மாகாண உயர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. 2022இல் மேல்முறையீடும் தோற்றது. ஆகவே உங்கள் மகள் இத்தகைய நிகழ்வொன்றில் இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை.

இப்போது நில ஒப்புகைக்கு வருகிறேன். ரொறன்ரோ மாவட்டக் கல்விச் சபையின் பாடசாலைகளில் 2016 முதல் ஒவ்வொரு காலையும் அது வாசிக்கப்படுகிறது. ஒலிபெருக்கியில் அவசரமாக ஓடி முடியும் அந்த வாசகங்களில் வரும் மிசிசாகா, ஹோடினோஷோனி, வெண்டாட் என்ற பெயர்கள் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வெறும் ஓசைகளாகவே இருக்கின்றன என்பதை வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பெயர்களுக்குள் இருக்கும் வரலாற்றைத் திறந்துவிட்டால் நிலைமையே வேறு. 1787இல் பிரிட்டிஷார் மிசிசாகா தலைவர்களோடு செய்ததாகச் சொல்லும் ரொறன்ரோ நிலக் கொள்முதலின் பத்திரம், நிலத்தின் எல்லைகளே எழுதப்படாத வெற்றுத்தாளாகப் பின்னர் கண்டெடுக்கப்பட்டது. தலைவர்களின் குறிகள் தனித்துண்டுகளில் இடப்பட்டு அதில் ஒட்டப்பட்டிருந்தன. அந்தக் குறையை மறைக்க 1805இல் 10 ஷில்லிங்குக்கு அதை மறுபடி உறுதிசெய்துகொண்டார்கள். இரண்டரை லட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட அந்த நிலத்துக்கான கோரிக்கை 2010இல்தான் 145 மில்லியன் டொலர் இழப்பீட்டோடு தீர்ந்தது. இந்தப் பத்திரத்தின் படியை வகுப்பில் வைத்து, நீங்கள் நீதிபதியாக இருந்தால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டால், மணி அடித்த பிறகும் பிள்ளைகள் வாதிட்டுக்கொண்டிருப்பார்கள்.

நீங்கள் இருக்கும் ஸ்காபரோவின் கதை இன்னும் அண்மையானது. அந்தப் பகுதி 1923ஆம் ஆண்டின் வில்லியம்ஸ் உடன்படிக்கைகளோடு தொடர்புடையது. மிசிசாகா, சிப்பவா வழிவந்த ஏழு முதற்குடிச் சமூகங்கள் அதில் கையெழுத்திட்டன. அந்த உடன்படிக்கைகளின்படி வேட்டையாடும், மீன்பிடிக்கும் உரிமைகளையும் அவர்கள் விட்டுக்கொடுத்துவிட்டதாக அரசு பொருள்கொண்டது. தங்கள் ஏரியில் மீன் பிடித்ததற்காக அடுத்த பல பத்தாண்டுகள் அவர்கள் குற்றவாளிகளாக நடத்தப்பட்டார்கள். 2018இல்தான் அரசுகள் 1.1 பில்லியன் டொலர் இழப்பீடு கொடுத்து, அந்த உரிமைகளை ஏற்று, மன்னிப்பும் கேட்டன. ஸ்காபரோவின் குடியிருப்புகளுக்கு நடுவே டேபர் ஹில் என்ற புல்மேடு ஒன்று இருக்கிறது. 1956இல் மண் வெட்டும் இயந்திரம் அங்கே தோண்டியபோது 500க்கும் மேற்பட்டோரின் எலும்புகள் வெளிப்பட்டன. பல நூற்றாண்டுகளுக்கு முன் வெண்டாட் மக்கள் தம் முன்னோரை ஒன்றாகச் சேர்த்து அடக்கம் செய்த இடம் அது. இன்று மேட்டின் மேல் நினைவுக்கல் ஒன்று நிற்கிறது, சுற்றிலும் வீடுகள். நம்மவர் பலர் தினமும் அதைக் கடந்து வேலைக்குப் போகிறார்கள்.

"எங்களுக்கு என்ன தொடர்பு" என்ற கேள்வியை நான் தவிர்க்கப் போவதில்லை. நடந்த கொடுமைக்கு நாம் குற்றவாளிகள் அல்லர். பாடசாலையும் உங்கள் மகளிடம் அப்படிச் சொல்வதில்லை. ஆனால் உடன்படிக்கை என்பது இரு தரப்பைக் கொண்டது. நாம் வாங்கிய வீட்டின் உறுதிப்பத்திரமும், பிள்ளைகள் படிக்கும் பாடசாலையின் நிலமும் அந்த உடன்படிக்கையின் ஒரு தரப்பின் வழியாகவே நமக்கு வந்திருக்கின்றன. அதன் பயனைப் பெறுபவர்களுக்கு அதன் கடமையும் உண்டு. ஆணைக்குழு இதை வெறும் அறவுரையாக விடவில்லை. 94 அழைப்புகளில் கடைசி இரண்டும் புதிதாகக் குடியேறுபவர்களைப் பற்றியவை. குடியேறுவோருக்கான கையேட்டிலும் குடியுரிமைத் தேர்விலும் இந்த வரலாறு முழுமையாக இடம்பெற வேண்டும் என்கிறது 93ஆம் அழைப்பு. குடியுரிமைச் சத்தியத்தையே மாற்றச் சொல்கிறது 94ஆம் அழைப்பு. 2021 ஜூனில் அதற்கான சட்டம் நிறைவேறியது. அதற்குப் பிறகு குடியுரிமை பெற்ற ஒவ்வொரு தமிழரும், முதற்குடிகள், இனுயிட், மெற்றிஸ் மக்களின் உரிமைகளையும் உடன்படிக்கை உரிமைகளையும் ஏற்று உறுதிப்படுத்தும் அரசியலமைப்பைப் பேணுவேன் என்று கையுயர்த்திச் சத்தியம் செய்திருக்கிறார். பிள்ளை பாடசாலையில் கற்பது அந்தச் சத்தியத்தின் பொருளைத்தான்.

ஆகவே நீங்கள் செய்யக்கூடியவை சில உண்டு. ஒன்ராறியோவில் செப்டம்பர் 30 மாகாண விடுமுறை நாள் அல்ல, பாடசாலை நடக்கும், மகளை அனுப்புங்கள். அதற்கு முந்தைய இரவு ஆரஞ்சுச் சட்டையின் கதையைத் தமிழில் சொல்லிக் கொடுங்கள். பெற்றோர் கூட்டத்தில் கேட்க வேண்டியவையும் உண்டு: எங்கள் பாடசாலை எந்த உடன்படிக்கை நிலத்தில் நிற்கிறது என்பதைப் பிள்ளைகளுக்கு எப்போது கற்பிக்கிறீர்கள்? நவம்பர் முதல் வாரத்தில் வரும் உடன்படிக்கை அங்கீகார வாரத்துக்கு யாரை அழைக்கப் போகிறீர்கள்? அவர்களுக்கு மதிப்பூதியம் ஒதுக்கியிருக்கிறீர்களா? செப்டம்பரும் ஜூனும் தவிர்ந்த மாதங்களில் என்ன நடக்கிறது? வகுப்பில் இருக்கும் பூர்வகுடிப் பிள்ளையைத் தன் இனம் முழுவதற்கும் பேச்சாளராக எழுப்பி நிறுத்தாமல் பார்த்துக்கொள்கிறீர்களா? இந்தக் கேள்விகளைப் பூர்வகுடிப் பெற்றோரே எப்போதும் கேட்க வேண்டியிருப்பது அவர்களைக் களைப்படையச் செய்கிறது. மற்றவர்கள் கேட்கும்போது அதிபர்கள் வேறு விதமாகக் காது கொடுப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு உங்கள் மகளைக் கூட்டிக்கொண்டு போவீர்கள் என்று நினைக்கிறேன். பொதுக் கல்விச் சபையின் நிதியில் நம் மொழியைக் கற்கும் வசதி நமக்குக் கிடைத்திருக்கிறது. ஒன்ராறியோப் பாடத்திட்டத்தில் அனிஷினாபேமோவின், மொஹாக், கிறீ போன்ற பூர்வகுடி மொழிகளுக்கும் இடம் உண்டு. ஆனால் கற்பிக்கத் தகுதியான ஆசிரியர்கள் கிடைப்பது அரிது. கேட்கும் மாணவர் தொகை குறைவு என்ற காரணத்தால் வகுப்புகள் திறக்கப்படாமலும் போகின்றன. உங்கள் பகுதியில் அத்தகைய வகுப்புக்கான விண்ணப்பம் வரும்போது, அதைத் திறக்கச் சொல்லும் கடிதத்தில் உங்கள் கையெழுத்தையும் சேருங்கள்.